புல்வெட்டும் மிசினைத் தந்த எட்வின் படிங்: ஒரு திருத்த வேலைக்காரரின் கதை

சித்திரை பிறந்து, வெயில் மேகத்துக்குள்ளால் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும். ஞாயிறு காலை பத்து மணிக்கு லண்டன் புறநகர் முழுவதும் ஒரே சத்தம் எழும். ஹரோவிலும் மிச்சத்திலும் ஈஸ்ட்ஹாமிலும் அதே இரைச்சல்தான். பக்கத்து வீட்டு முதியவர் தன் கொட்டகையைத் திறந்து புல்வெட்டும் மிசினை வெளியே எடுத்துவிட்டார் என்று அர்த்தம். நாம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வாடகை வீட்டின் பின்வளவில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லைப் பார்த்து அயலவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று எமக்கு விளங்கவேயில்லை. வேலைக்குப் போய் வரவே நேரம் போதாத காலம் அது. அறைக்கு நாலு பேர் படுத்திருந்த காலம். புல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்!

எமது ஊரில் முற்றம் என்றால் வெண்மணல். விடிய எழும்பி ஈர்க்குமாற்றால் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோடு கோடாகத் தெரியும் அந்த மணல்தான் வீட்டுக்கு அழகு. அங்கே புல் முளைத்தால் உழவாரத்தால் செருக்கி எடுத்துவிடுவோம். அப்பர் சுவாமிகள் கோயில் வீதிகளைச் செருக்கிய அதே உழவாரம்தான். முற்றத்தில் புல் நிற்கிறது என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்கள், காணி விடுபட்டபின் பல பத்தாண்டுகள் கழித்துத் தம் வளவைப் பார்க்கப் போனபோது, மண்டபத்துக்குள்ளேயே மரம் நின்றதைக் கண்டார்கள். புல்லும் பற்றையும் எமக்குச் சொல்லும் செய்தி அதுதான். அப்படிப்பட்ட எம்மைக் கொண்டுவந்து, புல்லை விதைத்து, உரம் போட்டு, பிறகு அதையே வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில் விட்டது காலம்.

இந்தப் புல்வெட்டும் மிசினைக் கண்டுபிடித்தவர் யார் என்று நாம் தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு பெல்ற்.

ஒரு கோடையில் மூன்று பெல்ற்

எமது ஊர்ச் சங்கத்துக்கு வடமேற்கு லண்டனில் ஒரு மைதானத்தைக் கோடை காலத்துக்கு எடுத்திருந்தோம். வாடகையைக் குறைப்பதற்காகப் புல் வெட்டும் பொறுப்பையும் நாமே ஏற்றுக்கொண்டோம். அதற்கென்று ஏறியிருந்து ஓட்டும் பழைய மிசின் ஒன்றைப் பலரிடம் காசு சேர்த்து வாங்கினோம். விளையாட்டு விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வெட்டும் தட்டை ஓட்டும் பெல்ற் அறுந்தது. புதிது வாங்கிப் போட்டோம். ஐந்தாம் நாள் ரப்பர் எரிந்த மணம் வந்து அதுவும் அறுந்தது. மூன்றாவதை வாங்கியபோது சங்கத்தின் பொருளாளர் எம்மைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அது ஒரு பின்னேரம் மட்டும் தாங்கியது.

அப்போதுதான், பேரப்பிள்ளைகளின் ஓட்டப் பயிற்சியைப் பார்க்க வந்து வாங்கிலில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வன்னியில் நீர் இறைக்கும் மிசின்களும் லான்ட்மாஸ்டர்களும் திருத்தியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலிகளையும் உயிரோடு வைத்திருந்த தலைமுறை அது. நாம் எல்லோரும் அவரை மெக்கானிக் அண்ணை என்றுதான் அழைப்போம். லண்டனுக்கு வந்தபின் கண்ணாடியும் மூட்டு வலியும்தான் அவருக்குத் துணை. மிசினை அவர் தொட்டு நாம் பார்த்ததில்லை.

அவர் புதுப் பெல்ற் எதையும் கேட்கவில்லை. முதலில் திறப்பைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். பிளக்கின் வயரைக் கழற்றி அப்பால் தள்ளி வைத்தார். சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தார். பிறகு வெட்டும் தட்டைக் கழற்றி வெளியே இழுக்கச் சொன்னார். ஒவ்வொரு கப்பியையும் விரலால் சுழற்றிப் பார்த்துக்கொண்டே போனார். கத்திகளின் கப்பிகள் சத்தமின்றிச் சுழன்றன. பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பிக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றுவிட்டது. அது சுழலவேயில்லை. அதன் பேரிங் துருவேறி இறுகிப்போயிருந்தது. சுழலாத கப்பியின் மேல் ஒவ்வொரு பெல்ற்றும் உரசி உரசி எரிந்திருக்கிறது. நாம் மூன்று முறையும் மாற்றியது குற்றமற்ற பொருளை. குற்றவாளி அங்கேயே இருந்திருக்கிறது.

அன்று மாலை, கை கழுவிக்கொண்டே அண்ணை ஒரு கேள்வி கேட்டார். கப்பியும் கத்தியும் சேர்த்துப் புல் வெட்டலாம் என்று முதலில் யோசித்தவன் யார், அவனும் எம்மைப் போல ஒரு திருத்த வேலைக்காரன்தானே என்றார். தேடிப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கம்பளித் துணியிலிருந்து புல்தரைக்கு

எட்வின் பியர்ட் படிங் 1796 இல் இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயர் மாவட்டத்தில், ஸ்ட்ரவுட் நகருக்கு அருகே பிறந்தவர். பெரிய குடும்பமோ பெரிய படிப்போ இல்லை. தச்சு வேலையில் தொடங்கி, இரும்பு வேலைக்கு மாறி, சுற்றுவட்டார ஆலைகளின் இயந்திரங்களைச் செய்வதும் திருத்துவதுமாக வாழ்ந்தவர்.

ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் கம்பளித் துணிக்குப் பெயர்போன இடம். ஓடைகளின் நீரில் சில்லுகளைச் சுழற்றி அங்கே ஆலைகள் ஓடின. ஆங்கிலேயச் சிப்பாய்களின் சிவப்பு அங்கிக்கான துணி அங்கே நெய்யப்பட்டது. 1815 இல் கண்டிக்குள் நுழைந்த படையையும் எமது மக்கள் அந்தச் சிவப்பு அங்கியில்தான் கண்டார்கள். இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் ரென்னிஸ் பந்துக்கும் ஸ்னூக்கர் மேசைக்குமான துணி செய்யப்படுகிறது.

கம்பளித் துணியை நெய்து, அடித்துத் திரட்டியபின் அதன் மேல் மயிர் எழுப்புவார்கள். எழுந்த மயிரை ஒரே மட்டமாக வெட்டினால்தான் துணி வழுவழுப்பாக இருக்கும். இந்த வேலையை முன்பு கனமான பெரிய கத்தரிகளைக் கொண்டு கைத்தொழிலாளர் செய்தார்கள். 1815 இல் பிரிம்ஸ்கோம் ஊரைச் சேர்ந்த ஜோன் லூயிஸ் என்பவர் இதற்கு ஒரு மிசினுக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் உருளையைச் சுற்றிச் சுருளாகக் கத்திகள். அதற்குக் கீழே அசையாத ஒரு கத்தி. உருளை சுழலும்போது இரண்டு கத்திகளும் கத்தரிக்கோல் போல் சந்தித்து மயிரை மட்டமாக வெட்டிவிடும்.

இத்தகைய மிசின்களோடு அன்றாடம் புழங்கியவர் படிங். மேசையில் விரித்த துணியின் மயிரை வெட்டுகின்ற இந்த உருளை, தரையில் விரித்த புல்லை ஏன் வெட்டக்கூடாது என்பதுதான் அவருடைய யோசனை. சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் துணி மிசினிடம் வரும், புல்லிடம் மிசின்தான் போகவேண்டும். ஆலையில் கத்தியைச் சுழற்ற நீர்ச்சில்லு இருக்கிறது. தோட்டத்தில் மனிதனின் இரண்டு கால்கள் மட்டும்தான். மெதுவாக நடக்கும் மனிதனிடமிருந்து வேகமாகச் சுழலும் கத்திக்குப் பலத்தை எப்படிக் கொண்டுபோவது? படிங் விடை கண்ட கேள்வி இதுதான். இன்றைக்கும் எந்தப் புல்வெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது இந்தக் கேள்விக்கான ஏதோ ஒரு விடை.

அவருடைய விடை பல்சில்லு. மிசினின் பின்னால் தரையில் உருளும் கனமான இரும்பு உருளை ஒன்று. மனிதன் தள்ள அது உருளும். வார்ப்பிரும்புப் பல்சில்லுகள் அந்தச் சுழற்சியை வாங்கி, பெரிய சில்லிலிருந்து சிறிய சில்லுக்குக் கொடுத்து, பல மடங்கு வேகமாக்கிக் கத்தி உருளைக்கு அனுப்பும். நடுவில் இன்னோர் உருளையை ஏற்றி இறக்கிப் புல்லின் உயரத்தை மாற்றலாம். வெட்டுப்பட்ட புல் முன்னால் உள்ள தட்டில் விழும். முதல் மிசினின் வெட்டும் அகலம் 19 அங்குலம். தள்ளுவதற்குக் கடினமாக இருந்ததால், முன்னாலிருந்து ஒருவர் இழுப்பதற்கும் கைபிடி வைத்தார்கள்.

படிங் தன் மிசினை இரவில்தான் பரிசோதித்தார், பகலில் செய்தால் அயலவர்கள் பைத்தியம் என்பார்கள் என்று பயந்தார் என ஒரு கதை அந்தப் பக்கத்தில் வழங்கி வருகிறது. உண்மையோ கட்டுக்கதையோ, புதிதாக ஒன்றைச் செய்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எமக்கும் தெரிந்ததுதான்.

1830

யோசனை இருந்தது, காசு இல்லை. தொழிலாளிகளின் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடும். படிங்குக்கு ஜோன் பெராபி கிடைத்தார். ஸ்ட்ரவுட்டுக்கு அருகே திரப் என்ற இடத்தில் இரும்பு வார்ப்பு ஆலை நடத்தியவர். 1830 மே 18 இல் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மிசினை மேம்படுத்தும் செலவையும் காப்புரிமைச் செலவையும் பெராபி ஏற்றார். செய்யும், விற்கும், பிறருக்கு அனுமதி கொடுக்கும் உரிமை அவருக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 இல் காப்புரிமை கிடைத்தது. நாட்டுப்புறக் கனவான்கள் தாமே இந்த மிசினைத் தள்ளினால் அது அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் இருக்கும் என்ற குறிப்பையும் படிங் அதில் சேர்த்திருந்தார்.

அந்த ஆகஸ்ட் மாத முடிவில் இங்கிலாந்தில் வேறொன்றும் நடந்தது. கென்ற் மாவட்டத்தில், கன்ரபரிக்கு அருகே, விவசாயக் கூலிகள் திரண்டு ஒரு கதிரடிக்கும் மிசினை அடித்து நொறுக்கினார்கள். தென் மாவட்டங்கள் எங்கும் அந்தக் கலகம் பரவியது. மாரி காலத்தில் கதிரடித்துக் கிடைக்கும் கூலிதான் அவர்களுக்குக் கஞ்சி. மிசின் அதைப் பறித்தது. படிங்கின் மிசினும் அப்படிப்பட்ட ஒரு தொழிலைத் தொட்டது. அதுவரை பெரிய வீடுகளின் புல்தரையை நீண்ட கைபிடி அரிவாளோடு ஆட்கள் வெட்டினார்கள். பனி ஈரம் இருக்கும்போதுதான் அரிவாளுக்குப் புல் நன்றாக வெட்டுப்படும் என்பதால் விடிய முன்னரே வேலை தொடங்கும். வெட்டியதைக் கூட்டி அள்ளுவதற்கு வேறு ஆட்கள். அரிவாள் வேலைக்குத் தேர்ந்த கை வேண்டும். புதிய மிசினுக்கு உலர்ந்த புல் போதும், தள்ளத் தெரிந்தால் போதும்.

முதலில் விற்ற மிசின்களில் ஒன்று லண்டனுக்குத்தான் வந்தது, றீஜன்ட்ஸ் பார்க்கிலுள்ள விலங்கியல் தோட்டத்துக்கு. 1831 இல் அங்கே அதைப் பயன்படுத்திய தலைமைத் தோட்டப் பணியாளர் கேட்டிஸ், அரிவாளும் விளக்குமாறும் கொண்டு ஆறு, எட்டுப் பேர் செய்யும் வேலையை இது செய்கிறது என்று சாட்சி கொடுத்தார். தரையில் ஒரு வடுக்கூட விழவில்லை என்றார். ஒக்ஸ்போர்ட் கல்லூரிகளும் வாங்கின. லண்டன் பேஸ்வோட்டரில் வாழ்ந்த தோட்டக்கலை எழுத்தாளர் ஜோன் குளோடியஸ் லௌடன் தன் சஞ்சிகையில் இந்த மிசினை வரவேற்றார். 1832 இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் அனுமதி பெற்று இதைச் செய்யத் தொடங்கியது. எமது பிள்ளைகளை யானையும் சிங்கமும் பார்க்கக் கூட்டிப்போகும் அந்த றீஜன்ட்ஸ் பார்க்கில்தான் இந்த மிசின் முதன்முதலில் பெயர் வாங்கியது என்பதை அறிந்தபின், அங்குள்ள புல்லை நாம் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

ஸ்பானரும் கைத்துப்பாக்கியும்

படிங் ஒரே பொருளோடு நின்றவர் அல்ல. பல குழல்கள் சுற்றி அமைந்த ஒரு கைத்துப்பாக்கியை அமெரிக்காவின் கோல்ட் துப்பாக்கிக்கு முன்னரே செய்தார். பின்னர் டேர்ஸ்லி என்ற ஊருக்குப் போய், ஜோர்ஜ் லிஸ்ரருடன் சேர்ந்து கம்பளி நாரைச் சீவும் மிசின்களை மேம்படுத்தினார். இந்த லிஸ்ரரின் மகன்தான் 1867 இல் லிஸ்ரர் நிறுவனத்தைத் தொடங்கியவர். எமது அரிசி ஆலைகளிலும் பட்டறைகளிலும் டுக் டுக் என்று ஓடிய லிஸ்ரர் எஞ்சினை அறிந்த பெரியவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். மெக்கானிக் அண்ணைக்குச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவேயில்லை.

திருகி அகலத்தை மாற்றும் ஸ்பானரின் தொடக்ககால வடிவம் ஒன்றும் படிங்கின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. வேறு வேறு அளவு நட்டுகளுக்கு வேறு வேறு ஸ்பானர் தூக்கித் திரிய வேண்டியதில்லை, ஒன்றே போதும் என்ற யோசனை அது. ஊர் ஊராக ஆலைகளில் திருத்த வேலை செய்து, பை பாரத்தை உணர்ந்தவனுக்குத்தான் இந்த யோசனை வரும். இன்றைக்கும் எமது வீட்டு இலாச்சியில் வேறு ஆயுதம் இல்லாவிட்டாலும் இந்த ஸ்பானர் ஒன்று கிடக்கும்.

அக்காலக் காப்புரிமை 14 ஆண்டுகளுக்குத்தான். படிங்கின் உரிமை 1844 இல் முடிந்தது. 1846 இல், ஐம்பது வயதளவில், பாரிசவாதத்தால் அவர் இறந்தார். டேர்ஸ்லியில் அடக்கம் செய்தார்கள். தன் மிசின் உலகத்தை எப்படி மாற்றும் என்பதை அவர் பார்க்கவில்லை. செல்வந்தனாகவும் சாகவில்லை.

அவர் போனபின்

பல்சில்லு மிசின் பெரும் இரைச்சல் போடும். 1859 இல் லீட்ஸ் நகரின் தோமஸ் கிரீன் நிறுவனம் பல்சில்லுக்குப் பதிலாகச் சங்கிலி பூட்டியது. சத்தம் குறைந்தது, பாரமும் குறைந்தது. ஸ்கொட்லாந்தில் சாங்ஸ் என்பவர் 1840 களின் தொடக்கத்திலேயே சிறு குதிரை இழுக்கும் பெரிய மிசின் செய்தார். குளம்பு பதிந்து தரை கெடாதிருக்கக் குதிரைக்குத் தோல் சப்பாத்தும் போட்டார்கள். பிறகு நீராவி, பெற்றோல், மின்சாரம்.

புல்லை மட்டமாக வெட்ட முடிந்தபின்தான் இந்த நாட்டின் விளையாட்டுகளும் இன்றைய வடிவுக்கு வந்தன. லோர்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் அதற்கு முன் புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆடுகள். விம்பிள்டன் ரென்னிஸ் போட்டி 1877 இல் தொடங்கியதற்குச் சொல்லப்படும் காரணம் எமக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கழகத்தின் புல்தரையை அமுக்கும், குதிரை இழுக்கும் உருளை பழுதாகிவிட்டது. அதைத் திருத்தக் காசு சேர்க்கத்தான் போட்டி நடத்தினார்களாம். பெல்ற் வாங்க உண்டியல் குலுக்கிய எமது சங்கத்துக்கு இதைவிட நல்ல முன்னோடி வேறு யார்!

எமது ஊர் மைதானங்களுக்கும் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 இலிருந்து மோதும் கிரிக்கெட் போட்டியைப் பார்க்க வேலியில் ஏறியிருந்தவர்கள் பலர் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

பல்சில்லு, சங்கிலி, பெல்ற்

இன்றைய ஏறியோட்டும் மிசினில் கத்தி உருளை இல்லை. தட்டுக்குக் கீழே விசிறிபோல் சுழலும் கத்திகள் இரண்டோ மூன்றோ இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள கப்பியிலிருந்து பெல்ற் புறப்பட்டு, இறுக்கும் கப்பியைத் தாண்டி, ஒவ்வொரு கத்தித் தண்டின் கப்பியையும் சுற்றி வரும். ஒரு ஸ்பிறிங் அந்த இறுக்கும் கப்பியை இழுத்துப் பிடிக்கும். படிங்கின் பல்சில்லு செய்த அதே வேலை. ஆனால் பல்சில்லு வழுக்காது, பெல்ற் வழுக்கும். அதுவே அதன் குணமும் குறையும். கத்தி கல்லில் மோதினால் வழுக்கி எஞ்சினைக் காப்பாற்றும். ஓயாமல் வழுக்கினால் எரிந்து சாகும்.

மெக்கானிக் அண்ணை எமக்குக் காட்டித் தந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். வீட்டில் மிசின் உள்ளவர்களுக்கு உதவும்.

முதலாவது உயிர். திறப்பை எடுத்து, பிளக் வயரைக் கழற்றும்வரை தட்டுக்குக் கீழே கை போகக்கூடாது. கத்தியைக் கையால் திருப்பினாலே எஞ்சின் ஒருமுறை பற்றிக்கொள்ளலாம். ஜக்கில் மட்டும் தூக்கி வைத்த மிசினுக்குக் கீழே யாரும் போகக்கூடாது. கத்தியைத் தொடுவதென்றால் தடித்த கையுறை வேண்டும்.

இரண்டாவது, பழைய பெல்ற்றைக் கழற்ற முன் அது போகும் வழியைப் படம் பிடியுங்கள். எந்தக் கப்பிக்கு உள்ளால், எதற்கு வெளியால் என்பதை மனதில் வைத்திருக்கலாம் என்று நினைத்தவர்கள்தான் பொழுதுபடும்வரை குனிந்து நிற்பார்கள். புதியது அதே நீளம், அதே அகலம், புல்வெட்டிக்கென்று செய்த வகையாக இருக்கவேண்டும். மலிவு என்று வேறு பெல்ற் போட்டால், பின்பக்கமாக வளைந்து ஓடும் இடத்தில் சீக்கிரம் வெடித்துவிடும்.

மூன்றாவது, அறுந்த பெல்ற்றை எறிய முன் அதைப் பாருங்கள். அது சாட்சி சொல்லும். பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் வழுக்கியிருக்கிறது. ஸ்பிறிங் தளர்ந்திருக்கலாம், அல்லது ஒரு கப்பி இறுகியிருக்கலாம். ஓரம் பிய்ந்து நூல் தொங்கினால் கப்பி கோணியிருக்கிறது, அல்லது காவல் கம்பி உரசுகிறது. பெல்ற் கழற்றியிருக்கும்போது ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் கேட்டால் பேரிங் போகப்போகிறது. பக்கவாட்டில் ஆடினால் போய்விட்டது. கத்தித் தண்டு ஆடினால் புல் படிபடியாக வெட்டுப்படும், மிசின் நடுங்கும். கிறீஸ் வைக்கும் முலை இருந்தால் பருவத்துக்கு ஒரு தடவையேனும் கிறீஸ் அடியுங்கள். பெல்ற்றில் மட்டும் எண்ணெயும் கிறீஸும் படவிடாதீர்கள்.

நான்காவது, கத்தியைத் தீட்டியபின் அதன் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தீட்டவேண்டும். சமநிலை இல்லாத கத்திதான் பேரிங்கைத் தின்பது. தட்டுக்குக் கீழே ஒட்டிக் காய்ந்த புல்லைச் சுரண்டி எடுங்கள். ஈரப்புல் இரும்பைத் தின்னும். ஆனால் அழுத்த நீரைப் பேரிங் இருக்கும் இடத்தில் பாய்ச்சாதீர்கள். எமது சின்னக் கப்பி துருவேறியதற்கே நாம் பிடித்த அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அண்ணை சொன்னபோது, பெருமையோடு மிசினைக் கழுவிய எமது இளைஞர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

படிங்கின் வழியில் வந்த, கத்தி உருளையுள்ள சிறு தள்ளுமிசின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உருளைக்கும் அடிக்கத்திக்கும் இடையில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, உருளையைக் கவனமாகத் திருப்புங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காகிதம் சுத்தமாக வெட்டுப்பட்டால் அது சரியாகப் பூட்டியிருக்கிறது. இறுக்கிப் பூட்டினால் நன்றாக வெட்டும் என்று நினைப்பது பிழை. இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும்.

கை அறிவு

ஸ்ட்ரவுட் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் படிங்கின் மிசின் ஒன்று இருக்கிறது. லண்டன் சவுத் கென்சிங்டனிலுள்ள அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் உண்டு. ஆலைத் துணியை வெட்டிய மிசினைத் திருத்தித் திருத்தியே அதன் உள்குணத்தை அறிந்துகொண்டவர் படிங். அந்த அறிவு அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அவர் கையிலிருந்து வந்தது.

எமது சமூகத்திலும் அப்படிப்பட்ட கைகள் இருந்தன. உதிரிப்பாகம் வராத நாட்களில், ஒரு மிசினின் உறுப்பை எடுத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுத்தவர்கள். அவர்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு முழுவதும் கல்லாவில் நின்றார்கள், கடைகளில் பெட்டி தூக்கினார்கள். அவர்களிடம் என்ன தெரியும் என்று இங்கே எவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் கேட்கவில்லை. பிள்ளைகளை டொக்டராகவும் கணக்காளராகவும் ஆக்கும் ஓட்டத்தில், தகப்பன் எதைத் திருத்தினார் என்பதைக் கேட்க மறந்துபோனோம். மூன்று பெல்ற் அறும்வரை எமது மெக்கானிக் அண்ணை எமக்கு வாங்கிலில் இருந்த ஒரு தாத்தா மட்டும்தான்.

விளையாட்டு விழா குறித்த நாளில் நடந்தது. நூறு மீற்றர் ஓட்டத்துக்குக் கோடு போட்டபோது புல் மட்டமாக நின்றது. புரட்டாதியில் மிசினைக் கொட்டகைக்குள் விடுவதற்கு முன், பதின்ம வயதுப் பிள்ளைகள் நாலு பேர் அண்ணையைச் சுற்றி நின்றார்கள். அவர் தமிழில் சொன்னார், அவர்கள் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார்கள். கப்பி என்ற சொல்லை அவர்கள் அன்றுதான் கற்றார்கள். ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளும் கப்பியும் இதுவும் ஒரே சாமான்தான் என்று அண்ணை விளக்கினார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் மிசின் சத்தம் கேட்டால், அவரைப் பின்வளவுக்குக் கூட்டிப் போங்கள். ஊரில் எந்த மிசினைத் திருத்தினார், எதைக் கொண்டு திருத்தினார் என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எமது பழைய சின்னக் கப்பி இப்போதும் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அடுத்த முறை ஒரு பெல்ற் அறுந்தால், புதிது வாங்கப் புறப்பட முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதற்காக.